காற்றுக்கான கட்டம்

கைப்பேசியில் மூன்று செயலிகள்.
ஒன்று இலவசம்.
ஒன்றுக்குப் பதினைந்து டாலர், ஒரே தடவை.
இன்னொன்று ஆண்டுதோறும் சந்தா கேட்கும்,
கட்டாவிட்டால் ஏப்ரலில் ஊமையாகிவிடும்.

வயோமிங். அக்டோபர் கடைசி.
ஹாலக் பண்ணையின் பின்மேட்டில்
பாய் விரித்துக் குப்புறப் படுத்திருக்கிறேன்.
பாய்க்கு அடியில் உறைந்த மாட்டுச் சாணம்
விலா எலும்பை எண்ணுகிறது.
பள்ளத்தாக்கைத் தாண்டி
ஆயிரத்து நூற்றிருபது கெஜத்தில்
வெள்ளையடித்த இரும்புத் தகடு,
இரண்டடிச் சதுரம்.
இங்கிருந்து ஒரு சோற்றுப் பருக்கை.

பக்கத்தில் வெர்லீன்,
முக்காலித் தொலைநோக்கியில் கண் பதித்து.
வார நாட்களில் கால்நடை மருத்துவர்,
ஞாயிறுகளில் என் பிழைகளுக்குச் சாட்சி.
"சீக்கிரம் ஒன்றைத் தேர்ந்தெடு டெல்பர்ட்,
காப்பி ஆறுகிறது."

ஒரே தோட்டா, ஒரே தூரம், ஒரே குளிர்.
இரண்டு செயலிகள்
ஒன்பது புள்ளி ஒன்று மில் ஏற்று என்றன.
இலவசம் மட்டும் பத்து புள்ளி இரண்டு.
அந்தச் சின்ன வித்தியாசம்
அங்கே போய்ச் சேரும்போது மூன்றரை அடி.
துருவிப் பார்த்தால்
அது என்னைக் கடற்கரையில் படுக்கவைத்திருக்கிறது.
ஆறாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில்,
பனி தள்ளும் வண்டி ஓட்டிப் பிழைப்பவனை,
இதுவரை கடலே பார்க்காதவனை.
காற்றழுத்தத்தைத் திருத்தினேன்.
சத்தமில்லாமல் இறங்கி வந்து
அதுவும் ஒன்பது புள்ளி ஒன்று என்றது.

மூன்று பேரும் ஒரே சொல் சொன்னால்
யார்தான் நம்பமாட்டார்கள்?
சுட்டேன்.

"நடுவிலிருந்து ஒரு முழம் கீழே."

மூவரும் சேர்ந்தே தப்பு.
"வேகம் எங்கிருந்து எடுத்தாய்?"
தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருந்தது.
"தீவன மூட்டையில் போட்டிருக்கும் எடையை
நான் நம்பியதே இல்லை," என்றாள்.
வேகமானியைக் குழாயருகே வைத்து
ஐந்து முறை சுட்டோம்.
பெட்டி சொன்னதைவிட அறுபது அடி குறைவு.
குளிரில் மருந்தும் சோம்பல்படும் போல.

ஆக, கணக்கில் மூன்றுக்கும் பேதமில்லை.
போடுவதைத்தான் திருப்பித் தருகின்றன.
அப்போதுதான் அந்தக் கட்டத்தைக் கவனித்தேன்:
காற்று.

இலவசத்தில் அங்கே ஏற்கெனவே பூஜ்யம்.
யாரோ ஒருவர், ஜன்னல் சாத்திய அறையில்,
எனக்காக முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்.
சந்தாக்காரன் இன்னும் கெட்டி.
நாற்பது மைல் தள்ளியிருக்கும் விமான நிலையத்துக் காற்றை
அள்ளிக்கொண்டு வந்து நிரப்புகிறான்.
மேட்டில் சிக்னல் இல்லாததால்
நேற்றைய காற்று.

பதினைந்து டாலரில் கட்டம் காலி.
கோடு மட்டும் துடிக்கிறது.
நிரப்பாமல் விடை தரமாட்டேன் என்கிறது.
தெரியாததைத் தெரியாது என்று சொல்ல
அதற்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ.

என் காதோரப் புல் வலப்பக்கம் சாய்கிறது.
நடுப்பள்ளத்தில் புதர்கள் அசையவே இல்லை.
தகட்டருகே கானல் ஓடுகிறது,
கூழாங்கல் மேல் தண்ணீர் போல.
தோட்டா பறக்கும் ஒன்றரை விநாடிக்குள்
மூன்று காற்றுகள்.
கேட்பதோ ஓர் எண்.

வெர்லீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு
நெடுநேரம் பார்த்தாள்.
சினைமாட்டின் வயிற்றில் கை வைத்து
கன்று எப்படிக் கிடக்கிறதென்று சொல்வாளே, அந்த முகம்.
"இடமிருந்து எட்டு மைல்.
இல்லை. ஏழு."

ஏழு என்று போட்டேன்.
செயலி மறுபேச்சு பேசவில்லை.

சுட்டபின் நீண்ட அமைதி.
"வலப்பக்கம், ஒரு சாண். பட்டது," என்றாள்.
அவள் சொல்லி முடித்து,
நான் வாய் திறக்கப் போகும்போதுதான்
டிங் என்று வந்து சேர்ந்தது ஓசை.
"எட்டு என்றே சொல்லியிருக்கலாம்."

மற்ற இரண்டையும் நீக்கினேன்.
பேட்டரி பதினோரு சதவீதம்,
அக்குளில் வைத்துச் சூடேற்றி மறுபடி திறந்தால்
ஏழு அழிந்துபோயிருந்தது.
காலிக் கட்டம். துடிக்கும் கோடு.

வெர்லீன் ஆறிய காப்பியை
எனக்கும் ஊற்றினாள்.
புல் இப்போது மறுபக்கம் சாய்ந்திருந்தது.